எட்டு யார் கம்பளி

அத்தியாயம் பதினொன்று

மாப்பிள்ளையின் உடுப்பு எங்கள் பொறுப்பு என்று மகளின் கல்யாணப் பேச்சில் குணவதி சொன்னபோது அவள் மனதில் இருந்தது ஒரு பட்டு வேட்டியும் சால்வையும் மட்டுமே. கூறைச்சீலையும் தாலியும் அவர்கள் பக்கம் என்றால் மாப்பிள்ளை உடுப்பு எங்கள் பக்கம். அப்போதுதான் ஒருவருக்கு ஒருவர் குறைந்தவர் இல்லை. சம்பந்தி றொனால்ட் அதைக் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், கை குலுக்கினார், அஜக்சில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

றொனால்ட் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர். ஸ்கொட்லாந்துப் பரம்பரை. அவர்கள் வீட்டு மாப்பிள்ளை கல்யாணத்துக்குக் கட்டுவது கில்ட். முழங்கால் வரை வரும், கட்டம் போட்டு மடிப்பு வைத்த கம்பளி உடுப்பு. கோயிலில் வேட்டி, மண்டப விருந்தில் கில்ட் என்று ஏற்கெனவே பேசியாயிற்று. இரண்டும் குணவதி ஏற்ற பொறுப்புக்குள் அடக்கம் என்று றொனால்ட் எடுத்துக்கொண்டது போன வாரந்தான் தெரியவந்தது. மாப்பிள்ளை டங்கனைக் கேட்டால், "என்னிடம் கில்ட் இல்லை" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"வாய் விட்டது நீர். தலையைக் குடுக்கிறது நான்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு இராஜரட்ணம் இன்ரநெற்றில் தேடினார். டங்கனுக்கு அளவெடுத்து, இரண்டு கில்ட் எடுப்பித்தார். ஒன்று மாப்பிள்ளைக்கு. மற்றது மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகும் தன் மகன் துஷாந்துக்கு.

இன்று சனிக்கிழமை. உடுப்புக் கொடுக்க ஐயர் பார்த்துச் சொன்ன நல்ல நாள். பின்னேரம் றொனால்டும் மகன் டங்கனும் வருவார்கள். தட்டத்தில் வைத்து மரியாதையாக நீட்ட வேண்டும். பொதி காலையில்தான் வாசலுக்கு வந்தது.

துஷாந்த் தன்னுடையதைக் கட்டிக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றான். கீழே கூடைப்பந்துக் காற்சட்டை எட்டிப் பார்த்தது.

"திருப்பு" என்றாள் குணவதி.

"என்னத்தை?"

"கொய்யகம் முன்னுக்கு வரவேணும். பின்னுக்கு வைச்சால் ஆர் பாக்கிறது?"

"அம்மா, இது சீலை இல்லை."

"ஸ்காபரோவில பாதிப் பொம்பிளையளுக்குச் சீலை உடுத்தி விட்டனான். நீ எனக்குக் கொய்யகம் படிப்பிக்கிறியோ?"

அவன் இடுப்பைப் பிடித்து, உடுப்பை மட்டும் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டாள். கொய்யக மடிப்பெல்லாம் முன்னால் வந்து விசிறி மாதிரி விரிந்தது. சோபாவில் இருந்த இராஜரட்ணத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை.

"வடிவாத்தான் கிடக்கு. எங்க, நட பாப்பம்."

துஷாந்த் நடந்தான். இடுப்பில் கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒட்டுப்பட்டி விட்டுப்போய் கில்ட் அப்படியே காலடியில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மணப்பெண் மயூரி வேலை முடிந்து உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்தாள், கீழே கிடந்ததைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துச் சப்பாத்துத் தட்டின் மேலேயே இருந்துவிட்டாள்.

"டேய், ரிசெப்ஷன்ல இப்பிடி விழுந்தால் வீடியோக்காரனுக்கு நல்ல வேலை."

"சேஃப்ரி பின் குத்துவன் அக்கா. நோ ப்ரொப்ளம்."

பிறகு அவள் கண் மற்றப் பையில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"அப்பா, டங்கனுக்கும் உதுவோ?"

"ஓம். அளவு கொஞ்சம் பெரிசு."

"அளவைக் கேக்கேல்லை."

"உதில என்ன குறை? கட்டம் இருக்கு, மடிப்பு இருக்கு, பெல்ற் இருக்கு."

"பிளாஸ்ரிக் அப்பா. நெருப்புக்குக் கிட்டப் போனால் உருகும்."

"மாப்பிள்ளை ஏன் நெருப்புக்குக் கிட்டப் போறார்?"

"ஹோமம்" என்றான் துஷாந்த்.

"நீ வாயை மூடு. கோயில்ல வேட்டிதானே."

இராஜரட்ணம் கஞ்சன் அல்லர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மலிவில் நல்லது கிடைக்கும் என்று முழு மனதோடு நம்புகிறவர். அந்த நம்பிக்கையில்தான் கார் வந்தது, சோபா வந்தது, வீட்டுக் கூரைக்குப் புது ஓடு வந்தது. கூரை மட்டும் ஒழுகியது.

"ஒரு பின்னேரம் கட்டப்போறார். அதுக்குப் பிறகு அலுமாரிக்குள்ளதானே கிடக்கப்போகுது" என்றார்.

"இல்லை அப்பா. உண்மையான கில்ட்டை ஒருக்கால் தைச்சால் சீவியம் முழுக்கக் கட்டுவினம். பிறகு மகன் கட்டுவான். நல்ல கம்பளி, எட்டு யார், முழுக்கக் கைத்தையல்."

அதுவரை புருஷன் பக்கம் நின்ற குணவதி மெல்லத் திரும்பினாள்.

"எட்டு யாரோ?"

"ஓம் அம்மா."

"சீலையே ஆறு யார்தானே!" அவள் குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது. "இது எத்தினை யார்?"

துஷாந்த் காலடியில் கிடந்ததை எடுத்து லேபிளைப் பார்த்தான். "நாலரை. அக்ரிலிக். மெஷின் வொஷ்."

குணவதி இராஜரட்ணத்தைப் பார்த்தாள்.

"ஏனப்பா, மாப்பிள்ளைக்குக் கவரிங் சங்கிலி போடுவியளோ?"

வழக்கு அத்தோடு தோற்றது. ஆனால் இராஜரட்ணத்தைத் தைத்தது அது இல்லை. மயூரி சப்பாத்தைக் கழற்றியபடி, அவரைப் பார்க்காமலேயே சொன்னதுதான்.

"டங்கன் ஒண்டும் சொல்லமாட்டான். அதுதான் எனக்குக் கவலை. நீங்கள் குடுத்தால் கட்டிக்கொண்டு, தாங்க் யூ எண்டு சிரிச்சுக்கொண்டு நிப்பான். மற்ற ஆக்கள்தான் பாத்துச் சிரிப்பினம்."

"மாப்பிள்ளையை அவன் இவன் எண்டாதை" என்றாள் குணவதி.

மற்ற ஆட்கள் என்றதும் இராஜரட்ணத்துக்கு முதலில் நினைவு வந்தது சொந்த அண்ணன் பாக்கியராசா. அவர் தன் மருமகனுக்குக் கல்யாணத்தில் கையில் ஒரு தங்க மணிக்கூடு கட்டினார். மூன்றாம் மாதம் தங்கம் உரிந்து கீழே பித்தளை தெரிந்தது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. பதினைந்து வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும் பளபளப்பாக ஏதாவது தெரிந்தால், "உது பாக்கியராசா மணிக்கூடோ?" என்று யாராவது கேட்பார்கள். அண்ணன் இப்போது கல்யாண வீடுகளுக்குப் போவதே குறைவு.

இனி இராஜரட்ணத்தார் கில்ட் என்றும் ஒன்று வரும்.

அவர் எழுந்து கார்த் திறப்பைத் தேடினார்.

"இண்டைக்குள்ள உண்மையானது எங்க எடுக்கலாம்? ஆராவது தேடிச் சொல்லுங்கோ."

துஷாந்த் அதற்குள் ஃபோனைத் தட்டிவிட்டான். "ஸ்ரௌவ்வில்ல ஒரு மனிசி வீட்டில வைச்சுத் தைக்கிறாவாம் அப்பா. ஃபைவ் ஸ்ரார்ஸ். நானும் வாறன்."

"முதல்ல காற்சட்டையோட நிக்காமல் ஒரு ஜீன்ஸைப் போடு."

*

மார்க்கம் ரோட்டைப் பிடித்தால் நேரே வடக்கு. ஸ்ரௌவ்வில்லில் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு பழைய செங்கல் வீடு நின்றது. கதவைத் திறந்தவள் மோராக். நரைத்த தலை, கழுத்தில் அளவு நாடா. சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காத முகம்.

இராஜரட்ணம் கையோடு கொண்டுபோன மலிவுக் கில்ட்டைத்தான் முதலில் காட்டினார். ஒரு வேளை அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

மோராக் அதைத் தூக்கிப் பார்த்தாள். "நல்ல உடுப்பு. புல்லு வெட்டலாம், கூடாரம் அடிக்கப் போகலாம், மேலே பியர் ஊற்றினாலும் கவலை இல்லை. இதைத் தேடி வருகிறவர்களுக்கு நானே கடை சொல்லி அனுப்புவேன்."

இராஜரட்ணத்துக்கு உயிர் வந்தது.

"எதற்கு?" என்று கேட்டாள்.

"கல்யாணத்துக்கு."

"அப்படியானால் இல்லை."

மேசையில் பாதி தைத்துக் கிடந்த ஒன்றை எடுத்து, பக்கத்தில் பக்கமாக இரண்டையும் தூக்கிப் பிடித்து உதறினாள். மலிவானது குளியலறைத் திரை மாதிரி அசைந்து அப்படியே நின்றது. கம்பளி ஒரு சுற்றுப் போய், தானாகத் திரும்பித் தன் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் கட்டம் விட்ட இடத்தில் பிடித்துத் தொடர்ந்ததால் மடித்திருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. இராஜரட்ணத்துக்குத் துணி பற்றி எதுவும் தெரியாது. இது தெரிந்தது.

"ஒண்டு தைச்சுத் தரவேணும். அடுத்த மாதம் கல்யாணம்."

"இன்று சொன்னால் ஒக்டோபர்."

"ஒக்டோபர்ல அவைக்குப் பிள்ளை வந்தாலும் வந்திடும்" என்றான் துஷாந்த் தமிழில். தகப்பன் அவன் காலை மிதித்தார்.

"மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் ஆட்கள்?" என்று மோராக் கேட்டாள்.

"நோவா ஸ்கோஷியா. கேப் பிரெட்டன்."

"அளவு?"

அவர் ஃபோனை நீட்டினார். இடுப்பு, தொடை, இடுப்பிலிருந்து முழங்கால். மோராக் படித்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"யாருக்கு இது?"

"என்ர மருமகனுக்கு."

இராஜரட்ணம் மாப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்கிற ஆள் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை, வெளியில் மருமகன். ஆங்கிலத்தில் பேசினாலும் அதுவே. மோராக் அவரையும் துஷாந்தையும் ஒரு முறை பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கில்ட் இருந்தது. கடல் நீலம், ஊடே பச்சை, மெல்லிய வெள்ளைக் கோடு, அதைவிட மெல்லிய மஞ்சள். மடிப்புகள் கலையாமலிருக்க ஓடவிட்ட வெள்ளை நூல்கூட இன்னும் எடுக்கவில்லை.

"நோவா ஸ்கோஷியாக் கட்டம். எட்டு யார். யாரும் கட்டாதது. உங்கள் அளவுக்குச் சரி."

"ஏன் கட்டேல்லை?"

"தைத்து முடித்தேன், கல்யாணம் நின்றுவிட்டது. பொடியன் எடுக்க வரவில்லை."

"ஆர் நிப்பாட்டினது?"

"பெண்."

"ஏன்?"

"நான் உடுப்புத் தைக்கிறவள்" என்றாள் மோராக்.

விலையைச் சொன்னாள். இராஜரட்ணம் மூச்சை ஒரு முறை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார், கார்ட்டை எடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பியபோது அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது.

*

"அம்மாக்குச் சொல்லாதேங்கோ" என்றான் துஷாந்த், கார் மார்க்கம் ரோட்டில் ஏறியதும்.

"எதை?"

"நிண்டுபோன கலியாணத்து உடுப்பு எண்டதை. அம்மா இதைக் காருக்குள்ளயே வைச்சுக் கொளுத்துவா. நீங்கள் தேடினீங்கள், கிடைச்சுது. சிம்பிள்."

இராஜரட்ணம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின் சீற்றில் இரண்டு கில்ட்டும் பக்கத்தில் பக்கமாகக் கிடந்தன. ஒன்று மலிவு, ஆனால் கறை இல்லாதது. மற்றது ஒன்றாந்தரம், ஆனால் தலையிலேயே ஒரு துர்க்குறி. எதைத் தட்டத்தில் வைப்பது? குணவதி லேசான ஆள் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டில் சம்பந்தம் குழம்பிப்போனதும், அவர்கள் ஏற்கெனவே தந்திருந்த கல்யாண அட்டையைக் கூட வீட்டுக்குள் வைத்திருக்க விடாமல் எடுத்து எறிந்தவள்.

சொல்லாமல் விடலாம். ஆனால் அவர் அவளுக்குச் சொன்ன பொய் எதுவும் இதுவரை ஒரு கிழமை உயிரோடு இருந்ததில்லை. கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் அது வெடிக்கும். அன்றைக்கு மகளுக்கும் மருமகனுக்கும் வருகிற தலையிடி, சளி, வேலை போனது, எல்லாவற்றுக்கும் அந்தக் கில்ட்தான் காரணமாகும். அவர்தான் காரணமாவார்.

"அப்பா, சிவப்பு! சிவப்பு லைற்!"

பிரேக்கை மிதித்தார். அதோடு முடிவும் எடுத்துவிட்டார்.

குசினியில் குணவதி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். இராஜரட்ணம் கில்ட்டை மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தைத்தது யாருக்கென்று தெரியாது, கல்யாணம் நின்றது, பொடியன் எடுக்க வரவில்லை. சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நின்றார். வாசலில் துஷாந்த் இரண்டு அடி பின்னால் நின்றான்.

குணவதி அடுப்பைத் தணித்தாள். கையைக் கழுவினாள். துடைத்தாள். உடுப்பை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. உள்ளே திருப்பித் தையலை நகத்தால் தடவினாள்.

"கைவேலைதான்" என்றாள். பிறகு, "ஆர் நிப்பாட்டினது?"

"பெட்டை."

"உடுப்புத் தைச்சு முடிஞ்ச பிறகோ?"

"ஓம்."

"மண்டபம் எடுத்து, அட்டை அடிச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு பெட்டை வேண்டாம் எண்டு சொல்லுறாள் எண்டால், அவன் எப்பிடிப்பட்ட காவாலியா இருந்திருப்பான்?"

"அது எங்களுக்குத் தெரியாதெல்லே."

"எனக்குத் தெரியும். குடிகாரன். குடிச்சிட்டுக் கைநீட்டி இருப்பான். அவளும் எத்தினை நாளைக்கெண்டு பாக்கிறது?" முன்பின் தெரியாத அந்தப் பெட்டைக்காகக் குணவதியின் கண் கலங்கியே விட்டது. உடுப்பை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இஞ்சாருங்கோப்பா, இந்த உடுப்புக்கு அறிவிருக்கு. அந்தக் காவாலியின்ர இடுப்பில ஏறமாட்டன் எண்டு நிண்டிருக்கு. ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் காப்பாத்திப்போட்டு எங்கட பிள்ளைக்கு வந்திருக்கு. இதைவிட ராசியான உடுப்பு எங்க கிடைக்கும்?"

இராஜரட்ணம் மகனைப் பார்த்தார். மகன் தகப்பனைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கிறவன் மடையன்.

குணவதி மஞ்சளைத் தொட்டு உடுப்பின் மூலையைத் தேடினாள்.

"ஐயோ, கம்பளியில மஞ்சளோ!" என்று இராஜரட்ணம் பதறினார்.

"புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் குடுக்கிறதோ? உள்பக்கந்தான். ஆர் பாக்கப்போகினம்?"

மஞ்சள் ஏறியது. நீலத்துக்குள்ளே ஏற்கெனவே ஓடிய மஞ்சள் கோட்டோடு பார்த்தால், பெரிய வித்தியாசமாகவும் தெரியவில்லை.

*

றொனால்ட் வந்தபோது துஷாந்துக்குப் பெரிய சந்தோஷம். அவரும் கில்ட்தான் கட்டியிருந்தார். கான்வஸ் துணி, காக்கி நிறம், பக்கத்தில் பொக்கெற். ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ற்.

"அங்கிள், இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல் மலிவு" என்றார் றொனால்ட். "வேலிக்குப் பெயின்ற் அடிக்க இதை விட நல்ல உடுப்பு இல்லை. பாட்டன் தந்தது அலுமாரிக்குள் கிடக்கிறது. அதைக் கட்டினால் இருக்கக்கூடப் பயம்."

துஷாந்த் ஓடிப்போய்த் தன்னுடையதைக் கட்டி, சேஃப்ரி பின் குத்தி, அம்மாவுக்குப் பயந்து மடிப்பை முன்னால் விட்டுக்கொண்டு வந்து நின்றான். றொனால்ட் அவனைத் தோளில் பிடித்து, உடுப்பை அரைச் சுற்றுத் திருப்பினார். குணவதி முகம் சுளித்தாள்.

"மடிப்புப் பின்னாலேயா?"

"மண்டபத்தில் பின் வரிசையில் இருக்கிறவர்களும் பாவந்தானே. அவர்களுக்கும் ஏதாவது பார்க்க வேண்டும்."

குணவதி யோசித்தாள். "சரி" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம்.

தட்டம் தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பட்டு வேட்டி, சால்வை. எல்லாவற்றுக்கும் மேலே நீலக் கில்ட். இராஜரட்ணம் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எடுத்து நீட்டினார். டங்கன் ஆறடிக்கு மேல் உயரம், லிஃப்ற் திருத்துகிற வேலை, பெரிய கைகள். மயூரி பழக்கியபடி இரண்டு கையாலும் வாங்கினான்.

வாங்கியவன் அப்படியே நின்றான்.

றொனால்ட் கில்ட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு கூரையில் தொங்கிய விளக்கைப் பார்க்கத் தொடங்கினார். அந்த விளக்கில் பார்க்க ஒன்றும் இல்லை.

இராஜரட்ணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிக்கவில்லையோ? இதுவும் பிழையாகிவிட்டதோ?

"எங்கே எடுத்தீர்கள் அங்கிள்?"

"ஸ்ரௌவ்வில்ல. கையால தைச்சது. எட்டு யார்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

டங்கன் கம்பளியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "நல்ல வேலை" என்றான். பிறகு, கற்ற தமிழில், "கட்டிக்கொண்டு வாறன்."

அறைக்குள் போனான். கதவு மூடியது. குணவதி புருஷனின் காதுக்குள், "ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது.

வெட்டி எடுத்த வெள்ளை நூலைக் கைக்குள் சுருட்டி வைத்தபடி டங்கன் வந்தான். இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பட்டி சரியான துளையில் விழுந்திருந்தது. விளிம்பு முழங்காலின் நடுவில், கோடு போட்ட மாதிரி. அவன் ஒரு முறை திரும்பினான். மடிப்பெல்லாம் ஒன்றாகச் சுழன்று, ஒன்றாக வந்து அடங்கின. துஷாந்த் நீளமாக விசிலடித்தான். மயூரி வாயைப் பொத்திக்கொண்டாள். குணவதி கை தட்டினாள்.

இராஜரட்ணம் ஒரு வாரத்துக்குப் பிறகு முழுதாக ஒரு மூச்சு விட்டார். எந்த மண்டபத்திலும் இவனைக் கொண்டுபோய் நிறுத்தலாம். அண்ணன் பாக்கியராசாவையே முன் வரிசையில் இருத்திக் காட்டலாம்.

அந்தச் சந்தோஷத்தில் குணவதிக்கு வாய் நிற்கவில்லை. றொனால்டின் கையில் தேத்தண்ணீரைக் கொடுத்தாள், பக்கத்தில் இருந்தாள், ஆங்கிலத்தில் தொடங்கினாள். இராஜரட்ணம் இருமினார். கண்ணைக் காட்டினார். காலை நீட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. நின்றுபோன கல்யாணம் வெளியே வந்தது. குடிகாரன் வந்தான். கைநீட்டினான். அந்தப் பெட்டை கடைசி நிமிடத்தில் கடவுள் புண்ணியத்தில் தப்பினாள்.

"படு காவாலி" என்று முடித்தாள். "இந்த உடுப்புத்தான் அவளைக் காப்பாற்றியது."

றொனால்டுக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. துஷாந்த் முதுகில் தட்டினான்.

"அன்ரி" என்றான் டங்கன். "அவன் கொஞ்சந்தான் குடிப்பான். அடிக்கமாட்டான்."

"அவரை உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அது நான்தான்."

றொனால்ட் கோப்பையை மேசையில் வைத்தார்.

"பல் தீட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடமாட்டான்" என்றார் றொனால்ட், இருமல் அடங்கிய பிறகு. "என் மகனைப் பற்றி நான் அறிந்த குற்றம் அவ்வளவுதான்."

டங்கன் சுருக்கமாகச் சொன்னான். மயூரியைக் காண்பதற்கு முந்தி நடந்தது. மோராக்கிடம் அளவு கொடுத்தது அவன்தான். கல்யாணம் நின்ற பிறகு அங்கே போய் முகம் காட்ட வெட்கமாக இருந்தது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டான். என்னிடம் கில்ட் இல்லை என்று சொன்னதும் பொய் இல்லை. அது மோராக்கிடம் இருந்தது.

இராஜரட்ணத்துக்கு மோராக்கின் அந்த அரைச் சிரிப்பு இப்போது விளங்கியது. அளவைப் பார்த்ததுமே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெயரை ஒரு தடவை அவர் வாயால் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

"உனக்குத் தெரியுமோடி?" என்றாள் குணவதி மகளைப் பார்த்து.

"கலியாணம் நிண்டது தெரியும். பழகின முதல் மாதமே சொல்லிப்போட்டான். கில்ட் கதைதான் எனக்கும் இப்பத் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் பிறந்த நேரம் கேட்டனீங்கள். நட்சத்திரம் கேட்டனீங்கள். றொனால்ட் அங்கிளுக்கு ஃபோன் எடுத்து எந்த ஆஸ்பத்திரி எண்டும் கேட்டனீங்கள். இதை ஒருத்தரும் கேக்கேல்லை."

குணவதி எழுந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தட்டம் இன்னும் மேசையில் இருந்தது. அவள் ஒரு சொல் சொன்னால் அது திரும்பிப் போகும், அதோடு இன்னும் என்னென்ன திரும்பிப் போகும் என்று இராஜரட்ணத்துக்குத் தெரியாது. அவர் தன்னையறியாமல் எழுந்து தட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்.

குணவதி டங்கனை ஒரு முறை சுற்றி வந்தாள். பின்னால் நின்று மடிப்புகளைப் பார்த்தாள். விளிம்பைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்து விட்டாள். அது போய் வந்து நின்றது.

"அப்ப" என்றாள். "நட்டப்பட்டது அந்தப் பெட்டைதான்."

முதலில் சிரித்தது றொனால்ட். அவருக்கு மயூரி அதை மொழிபெயர்த்து முடிக்கக்கூட இல்லை. பிறகு வீடு முழுவதும் சிரித்தது. டங்கன் குனிந்து குணவதியைக் கட்டிப் பிடித்தான். அவள் கூச்சத்தில் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விலகினாள்.

"குசினிக்குள்ள வேற கதையெல்லே சொன்னீர்" என்றார் இராஜரட்ணம்.

"அப்ப ஆள் ஆரெண்டு தெரியாதெல்லே."

துஷாந்த் துள்ளிக் குதித்ததில் அவனுடைய சேஃப்ரி பின் கழன்றது. ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. மயூரி பலகாரத் தட்டை எடுத்து வந்தாள். எல்லோரும் சாப்பிட இருந்தார்கள். டங்கன் மட்டும் கில்ட்டில் கறை படும் என்று நின்றபடியே.

குணவதி கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, தனக்கே பெரிய அக்கறை இல்லாத மாதிரிக் கேட்டாள்.

"அது சரி, ஆர் அந்தப் பெட்டை? எங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?"

டங்கனுக்குப் பொய் வராது. வாயைத் திறந்தான்.

மயூரி ஒரு முழுப் பயத்தம் பணியாரத்தை அதற்குள் வைத்து அமத்தினாள்.

அது வாய்க்குள் போனால் கொஞ்ச நேரத்துக்கு யாராலும் பேச முடியாது. டங்கனின் கண் பிதுங்கியது. இராஜரட்ணம் மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

"ஐயோ, மாப்பிள்ளைக்கு விக்கப்போகுது" என்றாள் குணவதி. "ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா பிள்ளை."

மயூரி தண்ணீருக்கு அவசரப்படவில்லை.